மிளகளவு

பதுளைக் கடைத்தெருவில் அந்த ஆடி மாதம் இரண்டே பேச்சுத்தான். ஒன்று காற்றைப் பற்றியது. பத்து நாளாக ஓயாமல் அடித்த கச்சான் காற்று, செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடைக்குக் கடை சாக்கு வாய்களில் கொட்டிவிட்டுப் போனது. அரிசி விற்றவர்கள் புடைத்துப் புடைத்து அலுத்துப் போனார்கள். மற்றப் பேச்சு மாரியாயியைப் பற்றியது.

மாரியாயி தெமோதரைக்கு மேலே சின்னக்கல் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மூன்று மாதப் பெண் குழந்தைக்கு அபின் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று சித்திரைக் கடைசியில் பொலிஸார் அவளைப் பிடித்துவந்து பதுளைச் சிறையில் வைத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரிய ஜட்ஜ் துரை வந்து கொலை வழக்குகளை விசாரிக்கப் போகிறார். கடைத்தெருவில் அந்த விசாரணை ஏற்கெனவே நடந்து முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

தீர்ப்பை எல்லோரையும்விட உரத்துச் சொன்னவர் ஜௌபர் முதலாளி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் என்று சரக்கு வியாபாரம் அவருக்கு. அவர் கடை மல்லியில் ஒரு கல் கிடக்காது, மிளகில் ஒரு பப்பாளி விதை கிடக்காது என்று தோட்டங்களில் பெயர். அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே ஆறு வருஷம் அபின் கடையும் நடத்தினார். அரசாங்கம் நாடு முழுக்க அபின் கடைகளை மூடியபோது அதுவும் மூடப்பட்டு, இப்போது மூன்றாவது வருஷம். அந்த வியாபாரம் போனது நல்லது என்றே பள்ளிவாசலில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் ஆமென்றார்.

வியாழக்கிழமை பகல், புடைவைக் கடை புஹாரி வந்து சாக்கின்மேல் உட்கார்ந்தான். அவன் ஜௌபருக்குப் பத்து வயது இளையவன். மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினான்.

"ஜூரிக்கு என்ட பேர் வந்தீக்கி, நானா. இந்த நேரம் பாத்து. பொண்டாட்டிமார் சேல எடுக்க வார மாசம்."

"நல்லதுதானே. போய் குந்துங்க. ஒங்களுக்கு அங்க என்ன வேல? ஒத்த வார்த்த. குத்தவாளி. அதோட எழும்பி வந்து கடையத் தொறங்க."

"நீங்க லேசா செல்றீங்க."

"பெத்த புள்ளய கொன்டவளுக்கு வெசாரண என்னத்துக்கு? கழுத்துல கயித்தப் போட்டு இழுத்தா சரி."

"அதுதான் நானா வில்லங்கமே." புஹாரி கடுதாசியை மடித்தான். "அப்புக்காத்து ஐயாக்கிட்ட கேட்டேன். களவுண்டா ஜட்ஜ் தொர ஆறு மாசமும் குடுக்கலாம், ஆறு வருஷமும் குடுக்கலாம், ஆளப் பாத்துக் கொறைக்கலாம், கூட்டலாம். கொலைண்டா ஒண்டுதானாம். தூக்கு. அவர் நெனச்சாலும் வேற ஒண்டும் செல்ல ஏலாதாம். செத்தது கெழவனா தொட்டில் புள்ளையா, கொன்டது கள்ளனா தாயா, சட்டத்துக்கு எல்லாம் ஒண்டாம். அப்ப நான் வாயத் தொறந்தா அவள்ட கழுத்துத்தான்."

"அவள் வாயத் தொறக்காத புள்ளைக்கி நஞ்சு குடுத்தாளே, அத யோசிங்க. பச்சப் புள்ள. ஒதறக்கூட தெரியாது."

புஹாரி எழுந்து வேட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினான். "ஒங்கள ஜூரியில போட்டிருக்கோணும். வழக்கு காலத்தால தொடங்கி, டீ குடிக்க முந்தி முடிஞ்சீக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கடை திறந்து பலகைகளை அடுக்குவதற்குள் அழகர் வந்து நின்றான். மாரியாயியின் புருஷன். இருட்டோடு தோட்டத்தை விட்டு இறங்கி நடந்து வந்திருந்தான். கால் முழங்கால் வரை புழுதி. ஜௌபருக்கு அவனைத் தெரியும். இரண்டு மூன்று தடவை இந்தியாவுக்கு அவரிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனவன். தோட்டத்துக்காரர்கள் அவரிடம் எழுத வருவதற்குக் காரணம் கையெழுத்து மட்டுமல்ல. பதுளைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோது வாத்தியார் பழக்கியது: விஷயம் முழுவதையும் கேட்டு, ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு, அதற்குப் பிறகுதான் பேனாவை மையில் தொடுவது. அவர் எழுதிய கடிதத்துக்கு 'நீ சொன்னது விளங்கவில்லை' என்று ஒரு பதிலும் வந்ததில்லை.

"மொதலாளி, ஒரு மனு எழுதணுங்க" என்றான் அழகர். "தூக்குன்னு சொல்லிட்டாங்கன்னா கவர்னர் தொரைக்கி மனுப் போட்டா எறங்கி வருவாராம். கணக்கப்புள்ள ஐயா சொன்னாரு."

தண்டனையே இன்னும் சொல்லவில்லை, இவன் மனுவுக்கு வந்து நிற்கிறானே என்று ஜௌபர் நினைத்தார். முந்திய நாள் தாம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுத வந்தவனைத் திருப்பி அனுப்பிய வழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே குரல் கொடுத்து ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வரவழைத்துக் கொடுத்தார். கடுதாசியை விரித்தார்.

"அன்டைக்கி விடிஞ்சதுலருந்து செல்லுங்க, அழகர். ஒண்டும் விடாம."

"சித்திர மழ விழுந்து கொழுந்து கொட்டுதுங்க. கை ஓயல. விடிய பேரு கூப்புடுற பெரட்டுக்கு மூணு நா பிந்திட்டா. இன்னொரு நா பிந்துனா பேரு கெடையாது, சம்பளம் கெடையாதுன்னுட்டாரு கங்காணி. புள்ளைக்கு வயித்து வலியோ என்னமோ, ராவெல்லாம் கத்துச்சு. எங்க தோட்டத்துல புள்ளைகள விட்டுட்டுப் போக புள்ளக்காம்பரா கெடையாதுங்க. மலைக்கி எடுத்துட்டுப் போயி சவுக்கு மரத்துல தூளி கட்டித்தான் போடணும். கத்துற புள்ளயோட போனா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு. அபின உருட்டி, தாய்ப்பால்ல கரச்சு நாக்குல தடவுனா. எல்லாப் பொம்பளைகளும் செய்யிறதுதானுங்க. மூத்தவன அப்புடித்தானே வளத்தோம்."

"இப்ப கட இல்லையே. அபின் எங்கால?"

"நாங்க குடியிருக்குற லயத்துல ஒரு பெரியவரு இருக்காரு. அவரு பேரு பட்டியல்ல இருக்கு. பழகுன ஒடம்புன்னு ஆஸ்பத்திரியில வாராவாரம் சர்க்கார் அபின் குடுக்குறாங்க. அதுல கிள்ளிக் குடுத்தாரு."

ஜௌபர் 'இரண்டு' என்று எழுதிக்கொண்டார். "சரி. பொறகு?"

"பத்து மணிக்கு வந்து பாத்தாளாம். தூங்குச்சாம். மத்தியானம் பாத்தாளாம். தூங்குச்சாம். நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டா. நாலு மணிக்கி கொழுந்து நிறுத்துட்டு வந்து தூக்குறா, மொதலாளி..." அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "சில்லுன்னு இருக்கு."

தெருவில் காற்று ஒரு வெற்றுச் சாக்கை உருட்டிக்கொண்டு போனது.

"எவ்வளவு குடுத்தாள்?"

"ஒரு மொளகளவுங்க."

பேனா நின்றது. "மொளகா? சர்க்கார் அபின்ல மொளகளவா? மூணு மாசப் புள்ளைக்கா? பெரிய ஆம்புளைக்கே காணும் அது! கடுகுல பாதி குடுக்கிறதே பயந்து பயந்துதான்..."

"டாக்டரும் அதத்தான் சொன்னாருங்க. சின்னக் கோர்ட்டுல சர்க்கார் வக்கீலு கேட்டாரு. ஒரு புள்ளய அபின் குடுத்தே வளத்தவளுக்கு அளவு தெரியாதா, தெரிஞ்சேதான் குடுத்துருக்கான்னு. அவளும் பேசல. ஆனா மொதலாளி..." அழகர் அவர் முகத்தைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை அல்ல. தெரியாததைக் கேட்கிற பார்வை. "அது நீங்க சொன்ன அளவுதானுங்களே. மூத்தவன் பொறந்தப்ப, கடுகளவுன்னீங்க. புள்ள தூங்கலன்னு மாரி வந்து ஒங்ககிட்ட சண்ட புடிச்சா. அப்பறம் மொளகளவு குடுன்னீங்க. ஒரு வருசம் மொளகளவுதான் குடுத்தோம். ஒண்ணும் ஆகலீங்களே?"

ஜௌபர் மூன்றாவது இலக்கத்தைப் போட்டார். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"நாளைக்கி தோட்டத்துக்கு வாரேன்" என்றார். "ஒண்டு ரெண்டு விஷயம் கேக்கோணும். நீங்க போங்க இப்ப."

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கையை நனைக்கவில்லை. பலாக்காய்க் கறியும் கருவாட்டுப் பொரியலும். அவர் மனைவி ஸுபைரா எதிரே அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மகள் நளீராவைப் பண்டாரவளையில் கட்டிக் கொடுத்துவிட்டதிலிருந்து வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கணவனை மகள் பெயரைக் கொண்டுதான் கூப்பிடுவாள்.

"நளீராட வாப்பா, சோறு ஆறுது."

"அந்தப் புள்ள சாகிறதுக்குக் காரணம் நம்மட காசுக்கட்டி" என்றார் அவர்.

விசிறி நின்றது.

அபின் கடை நடத்திய காலத்துக் கதை அது. சர்க்காரிடம் எடுக்கிற அபினில் முதலில் நாலில் ஒரு பங்கு காசுக்கட்டி கலந்தார். வெற்றிலையோடு தின்கிற காசுக்கட்டிதான், நிறமும் கசப்பும் ஏறக்குறைய ஒன்று. பிறகு பாதிக்குப் பாதி. கடைசி இரண்டு வருஷம் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்து, உருண்டையில் அபின் என்று இருந்தது எட்டில் ஒரு பங்கு. ஸுபைராதான் அம்மியில் காசுக்கட்டியை இடித்து அரைத்துக் கொடுப்பாள். மல்லியிலும் மிளகிலும் கைவைக்காத மனிதர் அதில் மட்டும் ஏன் வைத்தார் என்று கேட்டால் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. அபின் ஹறாம், அதைக் குறைத்து விற்றால் பாவமும் குறையும். அந்த நியாயத்தை அவர் நம்பவும் செய்தார். குழந்தைகள் தூங்கவில்லை என்று பெண்கள் வந்து நின்றபோது, கலப்பைக் குறைக்காமல் அளவைக் கூட்டிச் சொன்னார். கடுகளவு மிளகளவாயிற்று.

"அவள் அளவு தப்பல்ல" என்றார் ஜௌபர். "என்ட சரக்குக்கு அது சரியான அளவு. இப்ப அவளுக்குக் கெடச்சது கலப்பில்லாத சரக்கு. கோர்ட்டுல அது ஆருக்கும் தெரியா. அளவு தெரிஞ்சவள் கூடக் குடுத்தீக்கியாள், அதனால கொலை எண்டு செல்றாங்க."

ஸுபைரா விசிறியைக் கீழே வைத்தாள். பிறகு, "நீங்க போய்ச் சென்னா?" என்றாள்.

"சென்னா பதுள முழுக்கத் தெரியும். அபின்ல காசுக்கட்டி போட்டவன் மல்லியில என்னத்தப் போட்டீப்பான் எண்டு கேப்பாங்க. கடையப் பூட்டோணும்." அவர் விரலை மடக்கினார். "அதனால இப்பிடிச் செய்யலாம். ஒண்டு, இப்ப பேசாம ஈக்கிறது. ரெண்டு, தூக்கு எண்டு தீத்தா, கவர்னர் தொரைக்கி மனு. பொம்புள, சின்ன வயசு, இன்னொரு புள்ள ஈக்கு. பொம்புளையளுக்கு அநேகமா எறக்கம் காட்டுவாங்களாம். ஆயுள் காவலா மாத்துவாங்க. நான் எழுதுற மனு நல்லா ஈக்கும்."

"அதுல காசுக்கட்டிய எழுதுவீங்களா?"

"எழுதாட்டி அதுல எழுத என்ன ஈக்கு?"

"எழுதினா, அது பதுளைக்கு வராதா?"

அவர் மடக்கிய விரலை விரித்தார்.

"கவர்னர் தொர ஏலாதுண்டு செல்லிட்டா?" என்றாள் அவள். "ஜூரி ஒத்த வார்த்த செல்லிட்டா, ஜட்ஜுக்கே ஒத்த வார்த்ததான் எண்டு நீங்கதானே நேத்து வந்து சென்னீங்க. அப்ப செல்றத அதுக்கு முந்தித்தானே செல்லோணும்? பொறகு செல்லி எந்தக் கெணத்துல தூக்கி எடுக்க?"

"சென்னாலும் ஒன்ட பேரக் கொண்டார மாட்டேன். நான்தான் அரச்சேன் எண்டு செல்றேன்."

"சத்தியம் பண்ணிட்டு ஏறி நிண்டு அதுலயும் கலப்பீங்களா?" என்று கேட்டாள் ஸுபைரா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைய சோறு பூனைக்குப் போயிற்று.

சனிக்கிழமை காலை மாட்டு வண்டியில் தெமோதரை வரைக்கும் போய், அங்கிருந்து அழகரோடு மேலே ஏறினார். இன்னும் அவர் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. மனுவுக்கு விவரம் சேர்க்கப் போகிறோம் என்றுதான் தமக்குள் சொல்லிக்கொண்டார். ஆறு வருஷம் அந்தப் பெண்களுக்கு அபின் விற்றவர் அவர்கள் வேலை செய்கிற மலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். காற்றுக் காலத்தில் கொழுந்து குறைவு. பெண்கள் கூடை முதுகில் தொங்க, செடியோடு செடியாக வளைந்து, நாலைந்து செடிக்கு ஒரு பிடி என்று தேடித் தேடிக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வரிசை ஓரத்தில் சவுக்கு மரங்கள். இரண்டு மரங்களில் தூளி கட்டியிருந்தது. காற்று ஆட்டிய ஆட்டத்தில் ஆட்டத் தேவையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

சாட்சி சொன்னவர்களில் ஒருத்தி ரெங்கம்மா, பக்கத்துக் காம்பராக்காரி. 'இந்தச் சனியன் தொலைஞ்சாத்தான் என் முதுகு நிமிரும்' என்று மாரியாயி சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சின்னக் கோர்ட்டில் சொல்லியிருந்தாள். அழகர் அவளைக் காட்டினான். ஜௌபர் வரிசையின் தலைப்பில் நின்று கூப்பிட்டுக் கேட்டார். அவள் கையை நிறுத்தவில்லை.

"ஆமாங்க, சொன்னா. அதுக்கென்ன?"

"அப்பிடி அவள் புள்ளய ஏசினா, கொல்ல நெனச்சாள் எண்டுதானே எடுப்பாங்க?"

"அடப் போங்க மொதலாளி!" அடுத்த வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "நான் பெத்ததுக ஆறையும் தெனம் நாலு தரம் பாடையில ஏத்துறேன். இந்தா நிக்கிறாளே மூக்காயி, அவ மகன எப்பவோ பொதச்சுட்டா, வாயால. ராவெல்லாம் தோள்ல போட்டுட்டு விடிய கொம்பு ஊதுனா எந்தச் சிறுக்கிக்கி வாயில தேனு வடியும்?"

"அத கோர்ட்டுல செல்லியிருக்கலாமே."

"கேட்டாங்களா? அவ சொன்னாளா, சொல்லலையான்னு கேட்டாரு. சொன்னான்னேன். போன்னுட்டாரு. வந்துட்டேன்." அவள் கை ஒரு கணம் செடிமேல் நின்றது. "நாங்களும் அதே பெரியவருகிட்டத்தான் கிள்ளி வாங்குனோம் மொதலாளி. எம் புள்ளைக்கி அன்னைக்கி காச்ச. அபின் குடுக்கல. காச்ச இல்லாட்டி நானும் மொளகளவுதான் குடுத்துருப்பேன்."

திரும்பி இறங்கும்போது லயத்து வாசலில் மாரியாயியின் மூத்தவன் உட்கார்ந்திருந்தான். நாலு வயசு. பேர் வீரய்யா. சட்டி ஒன்றில் மண்ணை நிரப்பி நிரப்பிக் கொட்டிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் தினந்தோறும் மிளகளவு தின்றவன். அவன் உயிரோடிருப்பது தாம் ஏமாற்றியதால்தான் என்பது ஜௌபருக்கு அங்கே நின்றபோது விளங்கியது. அதில் ஆறுதல் தேடினார். கிடைக்கவில்லை. நேர்மையாக விற்றிருந்தால் மாரியாயி அரைக் கடுகைத் தாண்டியிருக்க மாட்டாள். இரண்டு பிள்ளைகளும் இருந்திருக்கும்.

"மனு வேணாம் அழகர்" என்றார் ஒற்றையடிப் பாதையில். "நான் கோர்ட்டுக்கு வாரேன்."

மாரியாயிக்காக வாதாடக் கோர்ட்டே அமர்த்திக் கொடுத்த அப்புக்காத்து ஓர் இளைஞர். திங்கட்கிழமை ஜௌபர் போய்ச் சொன்னதைக் கேட்டு முதலில் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்லச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "முதலாளி, நன்றாக யோசித்தீர்களா?" என்று கேட்டார். ஜௌபர், "யோசிச்சித்தான் இலக்கம் போட்டுக் கொண்டாந்தீக்கன்" என்று கடுதாசியை நீட்டினார்.

புதன்கிழமை கோர்ட்டில் நிற்க இடமில்லை. செவ்வங்கி போட்ட ஜட்ஜ் துரை மேலே. கீழே பெட்டியில் தமிழ் பேசும் ஜூரிமார் ஏழு பேர், இரண்டாவது ஆள் புஹாரி. கூண்டில் மாரியாயி. ஜௌபர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவே ஒரு நிமிஷம் சென்றது. கடை வாசலில் இடுப்பில் கைவைத்து, 'உங்க அபினு என்ன களிமண்ணா?' என்று சண்டை பிடித்தவள் இவள்தானா என்றிருந்தது. அரைத்தூக்கத்தில் இருப்பவள்போல நின்றாள். டாக்டர் சொன்னதையும், ரெங்கம்மா சொன்னதையும், தன்னைப் பற்றியதல்ல என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜௌபரைக் கூப்பிட்டார்கள். குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஒன்று, இரண்டு என்று கடைசிவரை சொன்னார். என்ன கலந்தேன், எவ்வளவு கலந்தேன், எந்த வருஷத்திலிருந்து. கடுகளவு என்று சொன்னது எப்போது, மிளகளவு என்று மாற்றியது எப்போது, ஏன். மொழிபெயர்க்கும் முதலியார் ஆங்கிலத்தில் சொல்லிமுடிக்கும் வரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்றார்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"நீர் கலந்தீர் என்பதற்கு உம்முடைய வார்த்தையைத் தவிர என்ன சாட்சி?"

"இடிச்ச அம்மி ஈக்கு. இடிச்சது என்ட பொஞ்சாதி. கேட்டா அவளும் அதத்தான் செல்வாள்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு வியாபாரி தன் பெண்சாதியைக் கோர்ட்டில் பேச்சில் இழுத்ததை அந்தக் கடைத்தெரு அதுவரை கண்டதில்லை.

"நீர் விற்கிற மல்லியில் என்ன கலக்கிறீர்?"

கோர்ட்டே சிரித்தது. முதலியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் மொழிபெயர்த்தார்.

"ஒண்டுமில்ல, தொர."

"அதை நாங்கள் நம்ப வேண்டும்?"

"நம்பத் தேவல்ல. மல்லி வாங்காம ஈக்கலாம். இத நம்பினாப் போதும்."

பின்னேரம் ஜட்ஜ் துரை ஜூரிமாருக்குச் சட்டத்தைச் சொன்னார். சாகட்டும் என்று கொடுத்திருந்தால் கொலை. தூங்கட்டும் என்று, பார்க்க வேண்டியதைப் பாராமல் கொடுத்திருந்தால் கவனக் குறைவால் வந்த சாவு. இரண்டில் எது என்பது மட்டும்தான் உங்கள் வேலை. எதற்கு என்ன தண்டனை என்பதை நினைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது உங்கள் பாரமல்ல. அதைக் கேட்டுப் புஹாரி தலையைக் குனிந்துகொண்டான். ஏழு பேரும் உள்ளே போனார்கள். நினைக்காதே என்று சொல்லப்பட்ட அந்த ஒன்றையே ஏழு பேரும் நினைத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்தது.

டீ குடிக்கிற நேரம் போய், விளக்குக் கொளுத்துகிற நேரம் வருமட்டும் அவர்கள் வெளியே வரவில்லை. அழகர் வராந்தாவில் குந்தியிருந்தான். ஜௌபர் அவன் பக்கத்தில் நின்றார். அவரைக் கடந்து போனவர்களில் சிலர் ஸலாம் சொல்லவில்லை. பள்ளிவாசல் ஆள் ஒருவர் மட்டும் நின்று, "இதையெல்லாம் எடுத்துச் செல்லத்தான் வேணுமா, நானா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லாமல் போனார்.

கொலை அல்ல என்று ஆறு பேர், ஒருவர் மாறு. அது போனபின், கவனக் குறைவு என்று ஏழு பேரும். ஜட்ஜ் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இப்போது யோசிக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். சிறையில் ஏற்கெனவே மூன்று மாதம் இருந்துவிட்டதைக் கணக்கில் எடுத்து, இன்னும் ஆறு மாதம் என்றார். பிறகு சாட்சிகள் இருந்த பக்கம் திரும்பி, இன்று உண்மை சொன்னதற்காக இந்த வியாபாரியைப் பாராட்டவும் தம்மால் முடியவில்லை, தண்டிக்கவும் தமக்கு முன்னால் ஒரு வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அழகர் ஜௌபரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "தூக்கு இல்லீங்க, மொதலாளி, தூக்கு இல்லீங்க" என்பதைத் தவிர அவன் வாயில் வேறொன்றும் வரவில்லை.

மாரியாயியை வராந்தா வழியாகத்தான் சிறைக்குக் கூட்டிப் போனார்கள். ஜௌபருக்கு எதிரே வந்ததும் அவள் நின்றாள். கூட வந்த கான்ஸ்டபிளும், புருஷனிடம் பேசப் போகிறாள் என்று நினைத்து நின்றான். அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

"அப்ப என் அளவு தப்பில்லீங்களா?" என்று கேட்டாள்.

மூன்று மாதமாக அவள் வாய் திறக்காமல் இருந்தது எதனால் என்று அவருக்கு அப்போது புரிந்தது. தூக்கைப் பற்றி அவள் யோசித்திருக்கவே மாட்டாள். உருட்டிய விரலையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இல்ல மகள்" என்றார். "ஒங்கட அளவு சரி. நான் செல்லித் தந்த அளவுதான்."

அவள் தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல ஆளுக்குரிய முகமாகத் திரும்பி வந்தது. பழைய மாரியாயியின் குரல் எங்கோ அடியிலிருந்து எழுந்தது.

"அப்பன்னா, கட மூடுன அன்னைக்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மொதலாளி. நாங்க அத்தன பேரு வந்தோமே. இனிமே வேற எடத்துல வாங்குனா கொறச்சுக் குடுங்கன்னு."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. போன தடவை வாங்கிப் போன சாமானில் ஒரு குறையைச் சொல்கிறவளைப்போலத்தான் கேட்டாள். ஜௌபர் தன் கையைப் பார்த்தார். இலக்கமிட்டு எழுதிக் கொண்டுவந்த கடுதாசி இன்னும் அதில் இருந்தது. அவள் கேட்டதற்கு அந்தக் கடுதாசியில் ஓர் இலக்கம் இல்லை.

கான்ஸ்டபிள், "நட, நட" என்றான். அவள் நடந்தாள்.